அறுபதுக்குக் கீழே

சிட்னிக்கு வெளியே, காட்டுப்பாதையில் நாற்பது கிலோமீட்டர் குதிரைச் சவாரி. நாலு மணித்தியாலத்துக்கு முந்தி வந்தாலும் குற்றம், ஐந்தைத் தாண்டினாலும் குற்றம். வந்து அரை மணித்தியாலத்துக்குள் குதிரையின் நாடி அறுபதுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

"முந்தி வந்தவனுக்குப் பரிசில்லையாம், பிறகென்ன போட்டி?" என்று சிரிப்பார் என் கணவர் நித்தியானந்தன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஓட்டும் குதிரை ஹேசலுக்குப் பதினேழு வயது. அன்றும் நாடி இறங்காவிட்டால் திங்கட்கிழமை ஏலத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று அவளின் சொந்தக்காரி சொல்லியிருந்தாள். கிழட்டுக் குதிரையை ஏலத்தில் இறைச்சிக்காரர்தான் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அவளை ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் போலக் கூட்டிப்போனேன். சமதரையில் மெல்லோட்டம், ஏற்றத்தில் நடை. கடைசிச் சரிவில் நானும் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்தபடி நடந்தேன். இளவட்டங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு தாண்டிப் போனார்கள். போங்கோ ராசா, போங்கோ என்று விட்டுவிட்டேன். நாலே முக்கால் மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தோம்.

சேணத்தைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, நிழலில் நிறுத்தினேன். நான் ஆஸ்பத்திரித் தாதி, என் விரலுக்கு நாடி தெரியும். ஐம்பத்தெட்டு. மிருக வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"எழுபத்திரண்டு."

ஹேசல் காதுகளை நிமிர்த்தி, என்னைத் தாண்டிப் பார்த்துக் கனைத்தாள். திரும்பினால் நித்தி, சட்டைப்பையில் கைவைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"பொக்கற்றுக்குள்ளை என்ன?"

"பனங்கட்டி. ஞாயிற்றுக்கிழமையளிலை நீர் சேணம் எடுக்கப் போற நேரம் ஒரு துண்டு குடுக்கிறனான்."

குதிரைக்குப் பனங்கட்டி! குதிரை மணக்குது என்று என்னைக் காரின் பின் சீற்றில் ஏற்றும் மனிதர்!

"இஞ்சேருங்கோ, உங்களைக் கண்டுதான் அவளுக்கு நெஞ்சு அடிக்குது. அங்காலை போங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ!"

மனிதர் ஓடிப்போய்க் கார்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்றார் வைத்தியர். ஹேசலின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். அவள் தலை மெல்லத் தாழ்ந்தது. கடைசி நிமிடத்தில் அவர் மறுபடி எண்ணினார். ஐம்பத்தொன்பது.

கார்களின் பக்கம் போனேன். நித்தி நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"தப்பிட்டாளோ?"

"ஓம்."

முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். கலியாணமாகிப் பதினொரு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. பாவமாக இருந்தது. அந்தக் கிழவி மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.