ஆணியில் தொங்கும் நோட்டு

மேஜைக்கு அடியில் தலையை விட்டுக் கம்ப்யூட்டரில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு வேலை போன செய்தி வந்தது. சொன்னவர் கண்ணாடிக் கடைக்காரர். நல்ல மனிதர். யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் அவள் தலை மேஜைக்கு அடியில் போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வர வேணாம். வீட்லயே பாத்துக்கறா."

வீட்டில் என்று அவர் சொன்னது மனைவியை. இவள் மூக்கு நுனியில் தூசியோடு வெளியே வந்து பார்த்தபோது, அவர் ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஒரு மூக்குக்கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி கடையில் இல்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில் கட்டித் தொங்கவிட்ட இவளுடைய நோட்டு மட்டும் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சந்தோஷமாவது, ஒன்றாவது. அவர் அவளுடைய முதல் வாடிக்கையாளர். இன்றைய தேதிக்கு இருந்த ஒரே வாடிக்கையாளரும் அவர்தான்.

ஏழு மாதத்துக்கு முன் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள். சின்னக் கடைகள், சின்ன அலுவலகங்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் திறந்து பார்த்து, மாற்றி, விலையில்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய நிரல்களைப் போட்டுக் கொடுத்து, ஓட வைப்பது. சொல்வதற்குச் சுலபம். கால் தேய ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம், ஏதோ அவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டதைப் போல, ஒரே கேள்வி. "சாப்ட்வேர் ஓசிங்கறீங்க. அப்புறம் உங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?" அச்சகக்காரர் கேட்டார், தையல் கடைக்காரம்மா கேட்டார், பூட்டு விற்கிறவர் கேட்டார். பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக அவளை மெச்சுகிற மாமியாரே பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்: "சும்மா கெடைக்கறத எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வர்றா. புத்திசாலிப் பொண்ணு." அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பது அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பழைய கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் குமாஸ்தா. எதைச் செய்தாலும் உட்கார்ந்து எழுதி வைப்பாள் என்பதால் வந்த பட்டம். எழுதி வைக்காத வேலை பாதி வேலை என்பது அவள் கட்சி. தனியாகத் தொழில் தொடங்கியதும் அந்தப் பழக்கத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்கு என்று கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரில் என்னென்ன செய்தாளோ அத்தனையையும் அதில் எழுதினாள். எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன வரும், பிரிண்டர் முரண்டு பிடித்தால் என்ன செய்வது, கடவுச்சொற்கள் உள்ள உறை கல்லாப்பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது, எல்லாம். இங்கிலீஷ் பந்தா இல்லாத நேரான தமிழில், படித்தவுடன் கை தானாகச் செய்யும்படி எழுதினாள். நாளைக்கே அவள் காணாமல் போனாலும் வேறு யாரோ ஒருவர் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு கடையை நடத்திவிட வேண்டும். அதுதான் கணக்கு. அந்தக் கணக்கு இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு சரியாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியன். சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, கதை முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டான்.

"குமாஸ்தாம்மா, தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கறவங்கள பாத்திருக்கேன். அதுக்கு நோட்டு போட்டு, ஆணி அடிச்சு, தொங்க விட்டவ நீதான்."

"சிரிக்காத. நாளைக்கு நாய் டாக்டர் வர்றாரு."

சிரிப்பு நின்றது. நாய் டாக்டர் என்று ஊரே கூப்பிடும் கால்நடை மருத்துவரைப் பிடிக்க அவள் இரண்டு மாதமாக அலைந்திருந்தாள். கடைசியில் ஒருவழியாக மடங்கி, ஒரு நிபந்தனை போட்டார். நீங்கள் வேலை செய்த ஒரு இடத்தைக் காட்டுங்கள், என் கண்ணால் பார்க்கிறேன், அப்புறம்தான் பேச்சு. அவள் கண்ணாடிக் கடையைச் சொல்லியிருந்தாள். வேறு எதைச் சொல்வாள்? பழைய கம்பெனி மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. அவள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, நாளை மாலைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். டாக்டர் கிடைத்தால் தொழில். கிடைக்காவிட்டால் நாற்காலி.

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு," என்றான் கணவன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும், நீதான் பாத்துக்கறதா சொல்லட்டும். நல்லவர்தானே? சொல்லுவாரு."

சொல்வார்தான். அவள் போனைக் கையில் எடுக்கக்கூட எடுத்தாள். எடுத்த கையோடு, எல்லாம் திறந்து கிடக்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று ஏழு மாதமாகக் கடை கடையாக நின்று தொண்டை வற்றப் பேசியது நினைவுக்கு வந்தது. மென்பொருள் திறந்திருக்கும், நான் மட்டும் மூடி வைப்பேனா? போனைக் கீழே வைத்தாள். வைத்த பிறகு பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் டாக்டரின் கிளினிக்குக்குப் போனபோது, வாசல் பெஞ்சில் ஒரு பூனையும் அதன் சொந்தக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உள்ளே கூப்பிட்டு, மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். அதன்மேல் துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள், அவற்றில் கையால் எழுதிய அட்டைகள்.

"ஆறு வருஷத்து விவரம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. எந்த நாய்க்கு எந்த ஊசி ஒத்துக்காதுங்கறது வரைக்கும். போட்டுக் குடுத்தவன் வேற ஊருக்குப் போயிட்டான். போன எடுக்கறதில்ல. பாஸ்வேர்ட் அவனோட போச்சு." டாக்டர் துணியைச் சரியாக இழுத்துவிட்டார். "போன வாரம் ஒரு நாய்க்கு ஒத்துக்காத ஊசியப் போட்டுட்டேன். பொழச்சுது. ஆனா அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. அதனாலதான் இந்த வாட்டி யாரையும் வாய் வார்த்தைல நம்பறதா இல்ல."

"நம்ப வேணாம் டாக்டர். வாங்க, பாருங்க," என்றாள். தெருவில் இறங்கி நடக்கும்போது, கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நின்றாள். "உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நேத்து அவங்க என்னை நிறுத்திட்டாங்க."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குட்டி போட்ட நாயின் அருகில் போகலாமா என்று யோசிப்பவரின் பார்வை. "நிறுத்தின எடத்துக்கா என்னைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"எனக்கு இருக்கறது இந்த ஒரு எடம்தான்."

கடையில் கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரரின் மனைவி உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளரின் கண் அளவைப் பதிந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கடைக்காரர் திருட்டு முழி முழித்தார். டாக்டர் இன்னார் என்று அவள் சொன்னதும் இன்னும் பதறிப்போய், "அவங்க மேல ஒரு குறையும் இல்லீங்க, தங்கமான பொண்ணு" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆணியிலிருந்து நோட்டைக் கழற்றி, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து ஆற அமரப் படிக்கத் தொடங்கினார்.

ஒன்பதாம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு வாய்விட்டே படித்தார்.

"'கடை மூடும்போது அன்றைய பதிவுகளைத் தனி டிஸ்க்கில் நகல் எடுக்கவும். டிஸ்க்கில் விளக்கு அணைந்ததும் கழற்றலாம்.' இது உங்க எழுத்தா?"

"ஆமா டாக்டர்."

"கீழ பச்சை மையில வேற யாரோ எழுதிருக்காங்க. 'மேலே சொன்னது தப்பு. விளக்கு அணைந்தால் மட்டும் போதாது. இப்போது கழற்றலாம் என்று திரையில் வந்த பிறகே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பதிவுகள் போய்விடுகின்றன. இரண்டு முறை போனது. பத்து நாள் சோதித்துப் பார்த்துவிட்டேன்.'"

காதுமடல் வரைக்கும் சூடு ஏறியது அவளுக்கு. பதினோரு வருட அனுபவம். திரையில் வரும் அந்த வரியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகி, அதை எழுத வேண்டும் என்றே தோன்றாமல் போயிருக்கிறது. ஒரு கணம் வெட்கமாக இருந்தது. இன்னொருத்தர் முன்னால், அதுவும் இவர் முன்னால், மூக்கறுபட்ட வெட்கம். அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கே போய்விடலாமா என்றுகூட இருந்தது.

டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். பதினெட்டாம் பக்கத்தோடு அவள் எழுத்து முடிந்துவிட்டது. அதற்கு மேலும் பச்சை மையில் போய்க்கொண்டே இருந்தது நோட்டு. ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்தால் எப்படிப் பிரிப்பது. ஆறு மாதமாக வராதவர்களின் பட்டியலை எப்படி எடுப்பது. அவள் சொல்லிக் கொடுக்காதவை. சிலவற்றை அவளே யோசித்திருக்க மாட்டாள்.

"உங்களுக்கு கம்ப்யூட்டர் முன்னமே தெரியுமா?" என்று டாக்டர், பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவியிடம் கேட்டார்.

"எங்க டாக்டர்! இந்த நோட்டு தெரியும். மத்தியானத்துல கடைல ஈ ஓட்டுற நேரம், எடுத்துப் படிப்பேன். படிச்சத செஞ்சு பாப்பேன். நாலு மாசமா நான்தான் எல்லாம் பாக்கறேன். அவங்க வந்தா தூசிதான் தட்டுவாங்க."

கடைக்காரர் மனைவியைக் கண்ணால் அதட்டினார். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை, அடக்கவும் தோன்றவில்லை. வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. திறந்து வைத்தால் யாராவது திருத்தி வளர்ப்பார்கள் என்று ஏழு மாதமாக வாய் வலிக்க விளக்கிக்கொண்டிருந்தது இதோ பச்சை மையில் எதிரே நிற்கிறது, அதை இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒன்பதாம் பக்கத்தில் தன் வரியைக் கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் 'அக்கா எழுதியதே சரி' என்று எழுதித் தேதி போட்டாள்.

"அக்கா, நீங்க எழுதினதெல்லாம் நான் எடுத்துக்கலாமா? மத்த கடைக்குப் போட?"

"உங்க நோட்டுதானேம்மா. என்னைக் கேக்கறீங்க?"

"எழுத்து உங்களுதாச்சே."

அந்த அக்கா கொஞ்சம் யோசித்தார். "எடுத்துக்கோங்க. தப்பிருந்தா திருத்திட்டு வந்து சொல்லணும், ஆமா."

இருவரும் திரும்பி நடந்தார்கள். கிளினிக் வாசலில் அந்தப் பூனை இப்போது சொந்தக்காரரின் மடியில் இருந்தது.

"அப்ப ஒரு நாள் எனக்கும் நீங்க வேணாம்னு ஆயிடும்," என்றார் டாக்டர்.

"ஆகணும் டாக்டர். ஒரு வருஷம் போதும்."

"அப்புறம் உங்க பொழப்பு?"

"யாராவது வேலை செஞ்ச எடத்தக் காட்டச் சொல்லுவாங்க. இங்க கூட்டிட்டு வருவேன்."

டாக்டர் உள்ளே போனார். பின்னாலேயே போனாள். பையில் போன் அதிர்ந்தது, மேனேஜராகத்தான் இருக்கும். டாக்டர் கம்ப்யூட்டர்மேல் இருந்த துணியை உருவி நாற்காலியில் போட்டார். பக்கத்துச் சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த பெரிய கேலண்டர் தொங்கியது. அதைத் தூக்கிக் கழற்றி, வேறிடம் தேடி, கிடைக்காமல் அட்டைப் பெட்டிகளின் மேல் கவிழ்த்து வைத்தார். கேலண்டர் மறைத்திருந்த இடத்தில் மட்டும் சுவர் பெயிண்ட் புதிதாக இருந்தது. அதற்கு மேலே ஓர் ஆணி.

"நோட்டு கனமா இருக்குமா?" என்று கேட்டபடி, கட்டைவிரலை ஆணியின்மேல் வைத்து அமுக்கிப் பார்த்தார்.