ஈரப் பொட்டு

எங்க ரூமுக்கு யாரும் வரமாட்டாங்க. வரவும் கூடாது. புத்தூர்ல நாலு மாடி ஆஸ்பத்திரி, அதுல கீழ்த்தளம். ஆபரேஷன் துணி, கத்தி, கத்திரி எல்லாத்தையும் ரெண்டு சுத்து துணியில பண்டில் கட்டி, ஆட்டோகிளேவ் மெஷின்ல ஆவியில வேகவச்சு, ரேக்குல அடுக்குறது என் வேலை. லூர்துராணின்னு பேரு, பதினோரு வருஷ சர்வீஸ். அந்த ரூம்ல நான் ஒருத்திதான். பொன்மலைப்பட்டி வீட்டுலயும் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அங்க டிவி மட்டும் பேசும், நான் பேசினா கேட்காது.

பண்டிலைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், அப்பத்தான் நான் ஏன் கத்தினேன்னு புரியும். துணி காஞ்சு, கட்டு கலையாம இருக்கிற வரைக்கும் உள்ள கிருமி போகாது. கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டே உள்ள இறங்கிடும். மேல ஒட்டின டேப்புல கறுப்புக் கோடு விழுந்திருக்கும். சூட்டுல வெந்துச்சுன்னு அது சொல்லும், அப்புறம் நனைஞ்சுதான்னு சொல்லாது. அதை நான்தான் சொல்லணும். அதனாலதான் ரேக்கை சுவரோட ஒட்டவிட மாட்டேன், சும்மா சும்மா தொடவும் விட மாட்டேன். "ராணியக்காவுக்குப் பெரிய பொக்கிஷம்"னு மாடியில இருக்கிறவங்க கிண்டல் பண்ணுவாங்க.

வருஷத்துல ஒரு நாள் மட்டும் எல்லாரும் வருவாங்க. ஆயுத பூஜைக்கு. நான் மாதா கோயிலுக்குப் போறவதான், ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே மனசு குறுகுறுன்னு இருக்கும். மெஷினுக்கு மாலை, பொரி, சுண்டல், போட்டோ. "அக்கா, நடுவுல நில்லுங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுப்பாங்க. பூஜையெல்லாம் மெஷின் இருக்கிற வெளி ரூமோட சரி. போன வருஷம் அந்தச் சிரிப்புச் சத்தத்துல, பண்டில் அடுக்கியிருக்கிற உள் ரூம் கதவு திறந்து கிடந்துச்சு. பார்த்தேன். சாத்தினா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும், கூட்டம் கலைஞ்சிடும்னு விட்டுட்டேன்.

எல்லாரும் போனதுக்கப்புறம் உள்ள போனா, ரேக்குல இருந்த இருபத்திரண்டு பண்டிலுக்கும் சந்தனப் பொட்டு, மேல குங்குமம். சொட்டச் சொட்டக் கரைச்ச சந்தனம். வார்டு ஆயா பவுனம்மாள் வேலை. அவ கையிலதான் கிண்ணம் இருந்துச்சு. ஒண்ணு விடாம, அவ்வளவு ஆசையா வச்சிருக்கா.

"அடிப் பவுனு, என்ன காரியம்டி பண்ணியிருக்க!"ன்னு தனியா நின்னு கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள்ல பிள்ளை பிறக்கணும்னு மூணு சிசேரியன் குறிச்சு வச்சிருந்தாங்க. முதல் கேஸ் ஸ்ரீரங்கத்துப் பூ வியாபாரி ரங்கசாமியோட பொண்ணு, காலையில ஆறுலேர்ந்து ஏழுக்குள்ள எடுத்தாகணும்னு ஜோசியர் நேரம். உயிர் போற அவசரத்துக்குன்னு பீரோவுல பூட்டின ரெண்டு பண்டில் இருந்துச்சு, நாள் குறிச்ச கேஸுக்கு அதைத் தொடக்கூடாது; மிச்சமெல்லாம் பொட்டு வச்சது. சலவைக்கு அன்னைக்கு லீவு. நானே துவைச்சு, காயவச்சு, கட்டி, வேகவச்சு, ஆறவிட்டு எடுக்கக் காலையில ஒன்பதாயிடும். சுடச்சுட அடுக்கவும் முடியாது, வேர்த்து அதுவே நனைஞ்சிடும்.

ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு பொட்டை நகத்தால சுரண்டினேன். மேல் துணியை மட்டும் மாத்திட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. சொன்னா, இனிமே யாரையும் கீழ விடமாட்டாங்க. பொய் சொல்லலை, அரைமணி நேரம் அதைத்தான் யோசிச்சேன். வருஷத்துல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாள். அப்புறம் உள் துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு வயித்துல வைக்கப்போற துணி.

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஆனந்தவள்ளிக்குப் போன் போட்டேன்.

"யாரு வச்சது?"ன்னாங்க.

"கதவைத் திறந்து விட்டது நான் சிஸ்டர்."

"வச்சது யாருன்னு கேட்டேன்."

"நான்தான்னு எழுதிக்குங்க."

காலையில ரங்கசாமி கீழயே இறங்கி வந்துட்டார். "பொட்டு வச்சா நல்லதுதானேம்மா நடக்கும்? நேரத்தைக் கெடுத்துட்டியே, பாவி!"

"பொட்டு நல்லதுதாங்க. ஈரந்தாங்க ஆகாது"ன்னேன். அவர் காதுல விழலை. ஒன்பதே முக்காலுக்குப் பேத்தி பிறந்தா, தாயும் பிள்ளையும் சௌக்கியம். லட்டு மூணாவது மாடியோட நின்னு போச்சு, கீழ வரலை. எனக்கு மெமோ வந்துச்சு. வெளிக் கதவுல பெரிசா நோட்டீஸும் ஒட்டிட்டாங்க: ஸ்டோர் பணியாளர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. நியாயந்தான். பசை தடவிக் கொடுத்ததே நான்தான்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்னைக்கு, ரெண்டு படி பொரி வாங்கிட்டுப் போனேன். பைத்தியம், வேற என்ன சொல்ல? பதினொரு மணிக்கு மெஷினை நிறுத்திட்டேன். அது ஓடினா வெளியே தட்டுறது கேட்காது. ஒருத்தரும் தட்டலை. மாடியில சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒரு பிடி பொரியை வாயில போட்டுக்கிட்டு மறுபடி மெஷினை ஓட்டினேன்.

நாலு மணிக்குக் கதவைப் பூட்டத் திரும்பினேன். நோட்டீஸுக்குக் கீழ மூணு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். தொட்டுப் பார்த்தேன், நல்லா காஞ்சிருந்துச்சு. எப்பவோ வந்து, வச்சுட்டு, சத்தமில்லாம போயிருக்கா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, கோபமும் வந்துச்சு. அடிப்பாவி பவுனு, உள்ள வரக்கூடாதுன்னுதானேடி போட்டிருக்கு, தட்டக்கூடாதுன்னா போட்டிருக்கு?