ஒரு மூடி வாசனை

முதலில் விரல் இடுக்குகளில் அரித்தது. பிறகு தோல் வெடித்தது. அக்காவின் அழகு நிலையத்தில் வருகிறவர்களுக்குத் தலை கழுவி விடுவதுதான் அவள் பிழைப்பு. கை போனால் பிழைப்பும் போனது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, தோல் டாக்டர் அவள் முதுகில் வரிசையாகச் சோதனைப் பட்டைகளை ஒட்டி, குளிக்காமல் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். உரித்தபோது மூன்று இடங்கள் சிவந்து தடித்திருந்தன. மூன்றுமே வாசனைக்காகச் சேர்க்கிற பொருட்கள்.

“இது மருந்துக்குப் போறதில்லம்மா. உடம்பு ஒருதடவை பகைச்சுக்கிட்டா அவ்வளவுதான். தொடாம இருக்கணும். இதுங்க அளவுக்கு மேல இருந்தா புட்டியில பேர் போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு. படிச்சுப் பாத்து வாங்குங்க.”

படித்துப் பார்த்துத்தான் வாங்கினாள். ‘வாசனை சேர்க்காதது’ என்று அச்சிட்ட ஷாம்பூ. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அதை மட்டும் வைத்துக்கொண்டாள். அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“மகாராணி கைக்குத் தனி ஷாம்பூ. எங்களுக்கெல்லாம் என்ன, எருமைத் தோலா?”

“அதை உன் வீட்டுக்காரர்கிட்டக் கேளு.”

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நாள் கை ஆறியது. பிறகு மறுபடி வெடித்தது, முன்னைவிட மோசமாக. கையுறை போட்டால் முடியை இழுக்கிறது என்று வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். வீட்டில் மகள்தான் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள்.

புட்டியையே டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“கமகமன்னு வருதே! உங்களுக்குத் தெரியலையா?”

தெரியவில்லை. சாயமும் ஸ்பிரேயும் புழங்குகிற கடையில் அவள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

“கம்பெனிக்காரன் ஏமாத்தியிருக்கான். மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு அலுவலகத்துல புகார் குடுங்க.”

வயிற்றெரிச்சலோடு எழுதி, புட்டியையும் ஒப்படைத்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் மாட்டிக்கொண்ட பிறகு சொல்லலாம் என்றிருந்தாள்.

அதிகாரி வந்தபோது அக்கா ஒரு பெண்மணியின் தலையில் நுரை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு புட்டிகளை மேசையில் வைத்து, தங்கையைப் பார்த்துப் பேசினார்.

“இது நாங்க சீலோட வாங்கினது. சோதனையில சுத்தமா இருக்கு. இது நீங்க புகாரோட குடுத்தது. இதுல நீங்க எழுதின மூணும் இருக்கு. நடுவுல யார் கை வெச்சது?”

அவளுக்குப் பிடிபடவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பிடிபட்டது.

“ஒரு மூடிதாங்க,” என்றாள் அக்கா. “மத்தவங்களுக்குப் போடுற அந்தப் பெரிய ஷாம்பூ கேன்லேர்ந்து. இவ புதுப் புட்டி உடைக்கிறப்பல்லாம் ஒரு மூடி. வாசனையே இல்ல, தலை கழுவின மாதிரியே இல்லன்னு வர்றவங்க மூஞ்சியத் தூக்குறாங்க. ஒரு மூடி என்ன பண்ணிடும்னு...”

கேனின் மேல் மூன்று பெயர்களும் அச்சிட்டிருந்தன. அக்கா அதைப் படித்ததே இல்லை.

ஒன்றின் பெயர் போட்ட புட்டியில் இன்னொன்றைக் கலந்து வாடிக்கையாளர்களுக்குப் போடுவது குற்றம் என்றார் அதிகாரி. எல்லாவற்றையும் சோதித்து முடிக்கும்வரை கடை திறக்கக் கூடாது. அலமாரிக் கதவில் முத்திரைத் தாளை ஒட்டத் தொடங்கினார்.

“நீயாடி எழுதிக் குடுத்த?”

“கம்பெனி மேலதான்க்கா குடுத்தேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி.”

“நீ மட்டும் என்னைக் கேட்டுட்டா...”

தொட்டியில் தலை சாய்த்திருந்த பெண்மணி, “கண்ணு எரியுது. யாராவது கழுவி விடுங்கம்மா, பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கலாம்” என்றாள்.

பழக்கதோஷத்தில் தங்கையின் கை நீண்டது. அக்கா அதைத் தட்டிவிட்டாள்.

“நீ தொடாத.”

தண்ணீரைத் திறந்து அக்காவே கழுவினாள். நெற்றியிலிருந்து பின்பக்கமாக, காதோரம் நுரை தங்காமல். நடுவில் ஒருமுறை முழங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கடை திறந்தாலும் நீ வரவேணாம்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னால இனி எதையும் ஊத்த முடியாது.”

தங்கை துடைப்பத்தை எடுத்தாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த முடியைக் கூட்டத் தொடங்கினாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.