சௌசனுக்கு என்ன சொல்வது

வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன், அந்தப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் ஒருத்தியோடு பேச வேண்டும் என்று கேட்பது வளைகுடா ஆசிரியைகளின் வழக்கம். கேட்காதவள் ஏமாளி. கேட்டவளோடு யாரைக் கோத்துவிடுவது என்பது முதல்வரின் சாமர்த்தியம். குவைத்தில் கின்வா வேலை பார்த்த சர்வதேசப் பள்ளியின் முதல்வர் டெரெக், அந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஜோர்டானிலிருந்து, இர்பித் ஊர்க்காரி சௌசன் என்பவள் விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலும் முடிந்து, குவைத்தா மஸ்கட்டா என்று ஊசலாடிக்கொண்டிருந்தாள். அவளோடு பேச டெரெக் கின்வாவைத்தான் பிடித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. சௌசன் வர இருந்ததே கின்வாவின் இடத்துக்கு. ஒப்பந்தம் முடியுமுன்னே ஊருக்குப் போக வேண்டும் என்று கின்வா எழுதிக் கொடுத்திருந்தாள். உன் வகுப்புக்கு ஆள் கையெழுத்துப் போட்ட மறுநாள் உன்னை விடுகிறேன், அதுவரை நகர முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார் அவர். பள்ளி விடுவிக்காமலே ஓடிப்போகிறவர்களும் உண்டு. விடுமுறைக்குப் போவதுபோல் போய், ஊரிலேயே இருந்துவிடுவார்கள். அவர்கள் பெயரை முதல்வர்கள் தங்களுக்குள் சொல்லிவைத்துக்கொள்வார்கள். பிறகு ரியாத்திலிருந்து மஸ்கட் வரை எந்தப் பள்ளியும் வாசற்படி ஏற்றாது. கின்வாவுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. புருஷன் பிரேசிலுக்குப் பிழைக்கப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டான். சம்பாதிக்க அவளை விட்டால் ஆளில்லை.

மகள் ஜூரிக்கு ஐந்து வயது. லெபனானில், ஸஹ்லேயில், கின்வாவின் அக்கா மிர்னாவிடம் வளர்ந்தாள். இரண்டாம் ஆண்டில் குடும்ப வீடு தருவோம், குழந்தையை அழைத்துக்கொள்ளலாம் என்று தேன் தடவிப் பேசித்தான் பள்ளி கின்வாவைக் கூட்டிவந்தது. இரண்டாம் ஆண்டும் பாதி ஓடிவிட்டது. வீட்டுப் பேச்சு கிணற்றில் போட்ட கல். போன மாதம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜூரி திரும்பி, மிர்னாவை அம்மா என்று கூப்பிட்டாள். மறுநாள் காலையில் கின்வா முதல் வேலையாகப் போய் ராஜினாமாவைக் கொடுத்தாள்.

ஆக, சௌசன் அழைத்தபோது என்ன சொல்ல வேண்டும் என்று கின்வாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. அவளும் வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பெற்றோர் எப்படி, வியாழக்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு விடும் என்று சௌசன் வரிசையாகக் கேட்டாள். கெட்டிக்காரி. பிள்ளையின் பையைத் தூக்கிவரும் பணிப்பெண்களைப் பற்றியும், மதிப்பெண் குறைந்தால் ஓட்டுநரை அனுப்பி நியாயம் கேட்கும் தகப்பன்மார்களைப் பற்றியும் கின்வா சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அதெல்லாம் உண்மைதான். பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும் என்பதை கின்வா அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள்.

மஸ்கட் பள்ளி சின்னதாம், சம்பளமும் குறைவாம், ஆனால் பள்ளிக்குப் பின்னாலேயே வீடு உண்டாம். சௌசனுக்கு லைத் என்று நாலு வயதுப் பையன். குவைத்தில் அடுத்த வருஷம் வீடு தருகிறோம் என்கிறார்களே, அதுவரை பையனைத் தங்கையிடம் விட்டுவைக்கலாம் என்று பார்க்கிறாளாம். கின்வா இதற்கு வெறுமனே உம் கொட்டினாள்.

"அக்கா, எல்லாம் சரி. ஒன்னே ஒன்னு. உன் பொண்ணு உயிர்மேல ஆணையா சொல்லு. அடுத்த வருஷம் என் பையனை நான் கூட்டிக்க முடியுமா?"

தக்காளிக்கு விலை பேசும்போதுகூடப் பிள்ளை உயிர்மேல் ஆணையிடுகிற ஜனங்கள்தான் அந்தப் பக்கத்து ஜனங்கள். கின்வாவும் எத்தனையோ தரம் இட்டிருக்கிறாள். இந்தத் தரம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மகளிடம் போய்விடலாம். அந்த ஒரு சொல்லை மகள் உயிர்மேலேயே சொல்ல வேண்டியிருந்தது.

"முடியாது" என்றாள். "எனக்கும் இதையேதான் சொன்னாங்க. என் பொண்ணு இன்னும் ஊர்லதான் இருக்கா."



"அப்ப இவ்வளவு நேரம் ஏன் இனிக்க இனிக்கப் பேசின?"

"நீ வந்தாத்தான் என்னை விடுவாங்க."

சௌசன் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. தான் மஸ்கட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். ஆண்டவன் உன்னை உன் பிள்ளையோடு சேர்க்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மறுநாள் டெரெக், அந்தப் பெண் மனசு மாறிவிட்டாள், பாவம், இனி பள்ளி ஆண்டு முடியும் ஜூன் கழித்துத்தான் ஆள் தேட வேண்டும் என்றார். கின்வா அவளிடம் என்ன பேசினாள் என்று கேட்கவேயில்லை. அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.

மிர்னா விடவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியிலேயே பொரிந்து தள்ளினாள்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்டி. ஊரான் பிள்ளை அவன் அம்மாவோட இருப்பான். உன் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ஜூரி உயிர்மேல் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கின்வா கேட்டாள். உன் மகளிடம் நீயே சொல்லிக்கொள் என்று மிர்னா ஜூரியைக் கூப்பிட்டாள்.

ஜூன் கழிந்து வருகிறேன் என்று சொல்லத்தான் கின்வா நினைத்திருந்தாள். மூச்சு வாங்க ஓடிவந்து மகள் ஹலோ என்றதும் வாயில் வேறு வந்தது.

"ஈஸ்டர் லீவுக்கு அம்மா வர்றேன்டி, கண்ணு."

"எத்தனை நாளைக்கு?"

விருந்தாளியைக் கேட்பதுபோல் மரியாதையாகத்தான் கேட்டாள்.  ரியாத்தாவது மஸ்கட்டாவது, எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளட்டும் என்று கின்வாவுக்குத் தோன்றியது. ஸஹ்லேயில் ஏதாவது கடையில் நின்று பிழைத்துக்கொள்ளலாம்.

"அங்கேயே இருந்துடுவேன். திரும்பிப் போகமாட்டேன்."

ஜூரி யோசித்தாள். பெரியம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.