முப்பத்தைந்து டிகிரி

ஸ்பிரிங்வெளி தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில், இலை உலர்த்தும் அறையில் இருபது வருஷம் நின்ற ரெங்கசாமிக்குச் சூட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தக் கர்வம்தான் மனுஷனைக் கெடுத்தது.

கல்யாணமாகி இந்தியாவுக்குப் போன மகள் ஜெயலெட்சுமி, கோத்தகிரியிலிருந்து தன் குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பியிருந்தாள். அவள் போய் இரண்டு வருஷம். கடிதம் வாசிக்கத் தெரியாத மனைவி கருப்பம்மாவுக்கு மகள் குரலைக் கேட்டே ஆகவேண்டும். அவள் நச்சரிப்புத் தாங்காமல் ரெங்கசாமி பதுளை டவுனுக்குப் போய், பேட்டரியில் ஓடும் கேசட் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர் பாறூக் முதலாளி, கூட வந்த ஆங்கிலத் தாளை வாசித்து, சூடு ஐந்து டிகிரிக்குக் குறைந்தாலும் முப்பத்தைந்தைத் தாண்டினாலும் பெட்டி பழுதாகிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

ஸ்டோரில் கழித்துப்போட்ட வெப்பமானி ஒன்றை ரெங்கசாமி லயத்து வரிசையில் தங்கள் ஒற்றையறை வீடான காம்பராவின் சுவரில் மாட்டினார். அறுபத்திரண்டு காட்டியது.

"கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இப்ப போட்டா வெந்துரும்," என்றார்.

கருப்பம்மா அப்போது கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்து வெப்பமானி பாரன்ஹீட்டில் பேசும், ஜப்பான்காரன் பெட்டி செல்சியஸில் கேட்கும் என்பது முதலாளிக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

ஸ்டோரில் கொழுந்து புளிக்கும் அறையைக் குளிரவைக்க ஈரச்சாக்கு தொங்கவிடுவார்கள். அதே வித்தையைக் காம்பராவில் காட்டினார். அடுப்பு மூட்டவும் தடை. மூன்று நாள் காய்ந்த ரொட்டி தின்று கருப்பம்மாவுக்கு இருமல் வந்தது. வெப்பமானி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. இன்னும் இருபத்து மூன்றுதான் பாக்கி என்று மனுஷன் தெம்பாகச் சொன்னார்.

நாலாம் நாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கே கருப்பம்மா போகவில்லை. அவர் வேலைக்குப் போனதும் சாக்குகளை அறுத்தெறிந்தாள், அடுப்பை மூட்டினாள், கேசட்டைச் செருகி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ரெங்கசாமி, லயத்துக் கூரையில் புகையைக் கண்டு ஓடிவந்தார். உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள். வெப்பமானியில் எழுபத்தாறு. பதறிப்போய் நிறுத்தக் கைநீட்டினார். கருப்பம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசுறது நம்ம புள்ள."

பெட்டி நிற்காமல் பேசியது. "அம்மா, பொட்டி புதுசுன்னா அப்பா போட விட்டிருக்க மாட்டாரு. புதுக் குடைய நனைய விடாம கக்கத்துல வச்சிக்கிட்டு மழையில வந்தவருதானே. நீதான் போட்டிருப்ப. அவரத் திட்டாத. பக்கத்துல உக்கார வையி."

ரெங்கசாமி உட்கார்ந்தார். அழுகையை அவரால் அடக்க முடியவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த முறத்தை எடுத்துப் பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். கருப்பம்மா தடுக்கவில்லை.