அரசர் கேக்கில் ஒரு பட்டாணி

அனாய்ஸ் பிறந்து மூன்று வாரமாகியும் அவளுக்குக் குடும்பப் பெயர் வாய்க்கவில்லை. பெயருக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. தேவைக்கு மேலேயே இருந்தது, அதுதான் தொல்லை. அம்மா எலோடி கரோன்-பெல்ஷா. அப்பா ஒலிவியே லக்காஸ்-ரிவார். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சட்டம் தாராளமானதுதான். அம்மா பெயரை வைக்கலாம், அப்பா பெயரை வைக்கலாம், இரண்டையும் கோடு போட்டு ஒட்டலாம். ஆனால் இரண்டுக்கு மேல் கூடாது. அந்தக் காலத்தில் பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பெருமையோடு இரட்டைப் பெயர் சூட்டியபோது, இந்தப் பிள்ளைகளும் ஒருநாள் பிள்ளை பெறும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆக, நான்கில் இரண்டைக் கழிக்க வேண்டும். நான்கு பெயருக்கும் சொந்தக்காரர்கள் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, பனியில் கார் ஓட்டும் தெம்போடு இருந்தார்கள்.

"எந்தப் பேரா இருந்தா என்ன, குழந்தை நல்லா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். மாமனார் நோர்மான், லக்காஸ் வம்சமே அழியப் போவதாகத் தொலைபேசியில் குரல் தழுதழுக்கச் சொன்னார். ஊரில் கல்லெறிந்தால் ஒரு லக்காஸ் மேல்தான் விழும். மாமியார் கினெட் ரிவார் எதுவும் கேட்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டாள், தினமும் இருமுறை. எலோடியின் அப்பா ரெஜான் பெல்ஷா, அவளுக்கு ஆறு வயதில் வீட்டை விட்டுப் போனவர், பிறந்தநாளுக்குக் கார்டு அனுப்புவதோடு தகப்பன் கடமையை முடித்துக்கொண்டவர். அவருக்கும் இப்போது ரத்தபாசம் பொங்கியது.

வாய் திறக்காதவள் எலோடியின் அம்மா லிசெட் கரோன் ஒருத்திதான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்று நின்று கால் வீங்கி, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். கல்யாணமான பெண் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளவும் பிள்ளைக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று இளம் வயதில் பதாகை பிடித்துத் தெருவில் கத்தியவள். அந்தப் பெயர் தன் மகளோடு அறுந்துபோகக் கூடாது என்று எலோடி மனதார ஆசைப்பட்டாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே? அதுதான் அவளுக்கு வராது. ஹோட்டலில் வேறு யாரோ கேட்ட மீனைக் கொண்டுவந்து வைத்தாலும் நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவள் அவள்.

"அரசர் கேக் சுடுவோம். அது முடிவு பண்ணட்டும். நம்ம தலை தப்பும்" என்றான் ஒலிவியே.

ஜனவரியில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர் திருநாளுக்கு அந்த கேக்கைச் சுடுவார்கள். உள்ளே ஒரு காய்ந்த பீன்ஸ் விதையும் ஒரு பட்டாணியும் ஒளிந்திருக்கும். விதை கிடைத்தவர் அரசர், பட்டாணி கிடைத்தவர் அரசி. எலோடி வீட்டார் பாதியில் பட்டாணி, ஒலிவியே வீட்டார் பாதியில் விதை, கிடைத்தவர் பெயர் குழந்தைக்கு என்று ஏற்பாடு. நான்கு பேரும் உடனே சம்மதித்தார்கள். அந்தச் சம்மதத்திலேயே எலோடி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் தன் திருட்டில் மும்முரமாக இருந்தாள். மேல்மாவில் கத்தியால் ஒரு இலை கீறி, அதற்கு நேர் கீழே காய்ந்த மஞ்சள் பட்டாணியை அழுத்தி வைத்தாள்.

ஞாயிறு மதியம் எல்லோரும் கூடினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு லிசெட்டும் ரெஜானும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், உப்பை மட்டும் பரிமாறிக்கொண்டார்கள். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் தீர்ந்து கேக் வந்தது. வீட்டில் ஆக இளையவர் மேசைக்கு அடியில் இருந்து எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். அனாய்ஸைத் தொட்டிலோடு அடியில் வைத்தார்கள். அவள் முனகினாள்.

"பாட்டி லிசெட்டுக்காம்" என்று மொழிபெயர்த்து, இலை போட்ட துண்டை எலோடி அம்மாவின் தட்டில் வைத்தாள்.

எல்லோரும் ஆராய்ச்சியாளர்கள் மாதிரி மென்றார்கள்.

"ஆஹா!" நோர்மான் வாயிலிருந்து ஒரு சிவப்பு விதையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"என்ன ஆஹா? இதோ என்கிட்ட இருக்கு" என்று கினெட் ஒரு வெள்ளை விதையை நீட்டினாள். "உங்களுது எங்கேர்ந்து வந்துச்சு? பாதாம் கிரீம்கூட ஒட்டல. சட்டைப் பையில கேக் சுட்டாங்களா?"

ரெஜான் கனைத்தார். "சண்டை எதுக்கு? பட்டாணி இங்க இருக்கு." அவர் விரல் நுனியில் பச்சைப் பசேலென்று, மெத்தென்று, டப்பாவில் அடைத்து விற்கிற பட்டாணி ஒன்று உட்கார்ந்திருந்தது.

எலோடி அம்மாவையே பார்த்தாள். லிசெட் கடைசித் துணுக்கு வரை நிதானமாகச் சாப்பிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வரல."

எலோடி அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, பட்டாணி உன் துண்டுலதான் இருந்தது. நானே வெச்சேன்."

"தெரியும். விழுங்கிட்டேன். பல்லு போகத் தெரிஞ்சுது."

"ஏம்மா?"

"கரோன் யாரு பேருன்னு நினைச்சே? எங்கப்பன் பேரு. பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு பதினஞ்சு வயசுல என்னை வேலைக்குத் தொரத்தின மனுசன். அந்தாளு பேரைக் காப்பாத்தவா நான் தெருத்தெருவா கத்தினேன்?"

"பின்ன எதுக்கும்மா கத்தினே?"

"எம்பொண்ணு யாரையும் கேக்காம தன் புள்ளைக்குப் பேரு வைக்கணும்னு. நீ என்னடான்னா ஒரு பட்டாணியைக் கேட்டுட்டு உக்காந்திருக்கே."

எலோடிக்கு வெட்கத்தில் காது சுட்டது. விடுவிடுவென்று மேசைக்கு வந்தாள்.

"என் பக்கத்துப் பேரு கரோன்" என்றாள்.

"பட்டாணி என்கிட்டல்ல இருக்கு, கண்ணு?" என்றார் ரெஜான்.

"அது டப்பாப் பட்டாணிப்பா. இல்ல."

ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வீடு இடிந்து விழவில்லை. ரெஜான் பட்டாணியைப் பார்த்தார், பிறகு வேறு வழி தெரியாமல் தின்றுவிட்டார்.

சமையலறை வாசலில் லிசெட் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அடியே, இப்பத்தானே தொண்டை கிழியச் சொன்னேன், அந்தப் பேரு வேணாம்னு!"

"யாரையும் கேக்க வேணாம்னும் நீதானே சொன்னே? அதான் உன்னையும் கேக்கல. எனக்கு அது உன் அப்பா பேரு இல்லம்மா. உன் பேரு."

லிசெட் பாத்திரத் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கேக் காய்ந்துபோய்விட்டது, தொண்டையிலேயே நிற்கிறது என்று துணிக்குள்ளிருந்து குறைப்பட்டாள்.

மிச்சம் இருந்தது இன்னொரு பாதி. நோர்மான் சிவப்பு விதையோடும் கினெட் வெள்ளை விதையோடும் மகன் பக்கம் திரும்பினார்கள். குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறதே என்று ஒலிவியே மேசைக்கு அடியில் குனிந்தான். அனாய்ஸ் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வெகுநேரம் நிமிரவில்லை.