பின் டயருக்கு முப்பது பவுண்டு

மோட்டார் சைக்கிள் வாங்கிய பெருமை ராயப்பனுக்குச் சரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீடித்தது. அன்று பூசைக்கு மனைவி இன்பமேரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான். அவன் ஒல்லிக்குச்சி, அவள் நல்ல தாட்டியான பெண். கோயில் வாசலில் நின்ற எவனோ ஒருவன், "லாரியில ஏத்தற லோடை சைக்கிள்ல ஏத்திட்டு வாராம் பாரு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். இவனுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

மறுவாரம் அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, கொஞ்சமும் கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டான்.

"பின் டயருக்கு இருபத்திரண்டு பவுண்டு காத்துதான் அடிக்கோணும். உன்ற எடைக்கு அது தாங்காது இன்பம். வெடிச்சுப்போயிரும்."

"கொஞ்சம் சேத்தி அடிச்சா ஆகாதுங்களா?"

"அப்பவும் வெடிக்கும்."

அடித்தாலும் வெடிக்குமாம், அடிக்காவிட்டாலும் வெடிக்குமாம்! தனியாகப் போனால் இருபத்திரண்டு, பின்னால் ஆள் ஏறினால் முப்பது என்று வண்டியை விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியில் ராயப்பன் குமாஸ்தா. முதலாளி கைலாசத்தை ஏற்றிக்கொண்டு ராசிபுரம் பக்கம் சரக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒழுங்காக முப்பது அடித்துக்கொண்டுதான் போனான். கைலாசம் உட்கார்ந்தால் வண்டியின் பின்பாதியே கண்ணுக்குத் தெரியாது. அதற்காக அவன் வெட்கப்பட்டதில்லை. முதலாளி அல்லவா!

தவக்காலம் வந்தது. இன்பமேரி ராத்திரிச் சோற்றை விட்டாள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி நோன்பு இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமையோடு நிற்காமல் தினமும் தட்டைக் கவிழ்த்தபோது, "சாமியாரம்மா ஆகப்போறயா?" என்று கேலிகூடச் செய்தான். ஈஸ்டருக்குப் பனமரத்துப்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்றான்.

"பாக்கலாமுங்க" என்று அவள் சிரித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒருநாள் சாயங்காலம், கைலாசத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு மண்டி வாசலில் வந்து வண்டியை நிறுத்தினான். உள்ளே மூட்டை நிறுக்கும் பெரிய தராசுத் தட்டில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இன்பமேரி நின்றிருந்தாள். எடை போடும் நாச்சிமுத்து எதிர்த்தட்டில் கல்லை வைத்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"ஏனுங்க, ஆறு கிலோ கொறஞ்சுட்டேனுங்க! இப்பத் தாங்குமுங்களா டயரு?"

"நீங்க சரக்குப் பாக்கப் போற நாளாப் பாத்து வாரா வாரம் வந்து நிறுத்துப் பாக்குதுங்க அம்மணி. டயரு தாங்கற அளவுக்கு எளைக்கோணுமாம்" என்றார் நாச்சிமுத்து.

அந்த நேரம் பார்த்துத்தான் கைலாசம் ராயப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கியவர் டயரைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு ராயப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இன்பமேரிக்குப் புரிந்துவிட்டது. தட்டிலிருந்து மெல்ல இறங்கினாள். அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பதை ராயப்பன் அப்போதுதான் கவனித்தான். இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு நிறையத் தின்றவன் அவன்தான். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"முப்பது பவுண்டு அடிச்சிருக்குது இன்பம். ஏறு, ஊட்டுக்குப் போலாம்" என்றான்.

"வேண்டாமுங்க. நடந்தே வாரேன்."

அவளை நடக்கவிட்டு ஏறிப் போக அவனுக்கு மனசு வரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். கடைவீதியில் ஜவுளிக்கடை வெங்கடாசலம் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன ராயப்பா, தள்ளிக்கிட்டுப் போறே? வண்டிக்கு என்னாச்சு?"

வாயைத் திறந்தால் ராயப்பன் அழுதுவிடுவான் போலிருந்தது. முன்னால் போன இன்பமேரி நின்று திரும்பினாள்.

"பஞ்சருங்க" என்றாள்.

வெங்கடாசலம் குனிந்து இரண்டு டயரையும் பார்த்தார். கடைக்குள் போய்விட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்பமேரி ஒரு பொய் சொல்லி ராயப்பன் கேட்டதில்லை. முதல் பொய்யையும் அவன் மானத்துக்காகத்தான் சொன்னாள்.